தகிட சொல்லி மிதியுங்கள்

கோலார் தங்கவயலின் ஆண்டர்சன்பேட்டையில் கிளம்பி, பேத்தமங்கலம், வி.கோட்டா வழியாக மலை இறங்கினால் பேரணாம்பட்டு, அப்புறம் குடியாத்தம். வட ஆற்காட்டிலிருந்து தங்கவயலுக்குச் சுரங்க வேலை தேடி நம் முன்னோர் ஏறி வந்த பக்கமாகவே சைக்கிளில் இறங்கி, நிற்கிற ஊர்களில் பறை அடித்து ஆடுவதுதான் திட்டம். பரதம் மட்டும் தெரிந்த உடம்பு இதற்காகப் பறையாட்டமும் கொஞ்சம் களரியும் பழக வேண்டும். கூடவே பயணத்தில் தினமும் பல மணி நேரம் மிதிக்கவும் வேண்டும். எட்டு வாரம் கையில் இருந்தால் முடியும். அவசரப்பட்டால் முட்டிதான் முதலில் போகும்.

முதலில் சீட் உயரத்தைச் சரிசெய்யுங்கள். சீட்டில் உட்கார்ந்து, கீழே இறங்கிய பெடல்மேல் குதிகாலை வையுங்கள். இடுப்பு சாயாமல் கால் நேராக நீள வேண்டும். அதே உயரத்தில் முன்பாதத்தால் மிதிக்கும்போது முட்டி லேசாக மடங்கியிருக்கும். அதுதான் அளவு. சீட் தாழ்ந்திருந்தால் முட்டியின் முன்பக்கம் வலிக்கும், ரொம்ப உயர்ந்திருந்தால் பின்பக்கம் இழுக்கும். வேறொருவர் சைக்கிளை வாங்கி சீட்டை மாற்றாமலே இரண்டு வாரம் ஓட்டினேன். மூன்றாவது வாரம் என்னால் பரதத்தின் அரைமண்டியில் உட்கார முடியவில்லை.

அடுத்தது பரதம் ஆடுகிறவர்களுக்கே உரிய சிக்கல். வருஷக்கணக்கில் அரைமண்டி போட்டவரின் தொடை தானாகவே வெளிப்பக்கம் திரும்பும். சைக்கிளில் ஏறினாலும் முட்டி அகன்று, குதிகால் கிராங்கில் உரசும். மிதிக்கும்போது குனிந்து பாருங்கள்: முட்டி, பாதத்தின் இரண்டாவது விரலுக்கு நேர்மேலே ஏறி இறங்க வேண்டும். முதல் வாரம் முழுக்க இது ஒன்றையே கவனித்தால் போதும். தூரம் பிறகு வரும்.

இனி தாளம். ஒவ்வொரு மிதிக்கும் ஓர் எழுத்து என்று 'தகதிமி' சொல்லிப் பாருங்கள். நிமிடத்துக்கு 40 முறை வந்தால், பெடல் 80 சுற்று சுற்றுகிறது. சமதளத்துக்கு நல்ல வேகம் அது. ஆனால் நான்கு எழுத்து என்பதால் 'த'வின் அழுத்தம் எப்போதும் ஒரே காலில்தான் விழும். ஏற்றத்தில் அந்தக் கால் சீக்கிரம் களைத்துவிடும். அங்கே 'தகிட' என்று மாற்றுங்கள். மூன்று எழுத்தானதால் அழுத்தம் ஒருமுறை வலக்காலுக்கும் அடுத்த முறை இடக்காலுக்கும் மாறி மாறிப் போகும். ஏற்றம் முடியும்வரை இரண்டு காலும் பாரத்தைப் பங்கு போட்டுக்கொள்ளும். நான்கெழுத்துச் சதுஸ்ரமும் மூன்றெழுத்துத் திஸ்ரமும் எனக்கு மேடையில் புரிந்ததைவிட இந்த ரோட்டில்தான் நன்றாகப் புரிந்தன.

புது ஆட்டங்களில் பறையாட்டத்தை முதலில் எடுங்கள். பாதம் முன்னோக்கி நிற்கும், முட்டி தளர்ந்து துள்ளும். சைக்கிள் கேட்கிற நேர்க்கால் பழக்கத்துக்கு அது நெருக்கம். அடவு அடவாகப் பிரித்துக் கற்க வேண்டாம். உடம்பின் கனம் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். பரதத்தில் கனம் நடுவில், இரண்டு காலுக்கும் இடையில் தொங்கும். பறையில் அது முன்பாதத்துக்குப் பாய்ந்து திரும்பும். இதைப் பிடித்துக்கொண்டால் அடிகள் தாமாக வரும். முதல் பத்து நாள் கருவி இல்லாமல் கால் மட்டும் பழகுங்கள். பிறகு பறையை இடத்தோளில் மாட்டுங்கள்.

களரியை ஐந்தாவது வாரத்துக்குமுன் தொட வேண்டாம். அதன் தாழ்ந்த நிலைகள், மிதித்து மிதித்து இறுகிப்போன இடுப்பைத் திறந்துவிடும். அதற்காகத்தான் சேர்க்கிறோம். பரதத்தோடு களரியையும் யோகத்தையும் ஒரே மேடையில் வைத்துச் சந்திரலேகா 1985-இல் 'அங்கிகா'வைப் படைத்தார். அவருடைய ஆட்டக்காரர்கள் அந்த நிலைகளில் அவசரமே இல்லாமல் தங்குவார்கள். நாமும் ஒரு நிலையில் ஐந்து மூச்சு தங்கினால் போதும். நீண்ட ஓட்டத்துக்கு மறுநாள் மட்டும் தாழ்ந்த நிலைகள் கூடாது.

நாட்களைப் பிரிப்பது கஷ்டம்தான். 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடியதிலிருந்து ஆயிரக்கணக்கானோரின் பிழைப்பு மாரிகுப்பத்தில் கிளம்பும் பெங்களூரு ரயிலில்தான். அந்த ரயிலைப் பிடிப்பவருக்கு வார நாளில் கிடைப்பது இரவில் முக்கால் மணி நேரம். அதை ஆட்டத்துக்கு ஒதுக்கி, நீண்ட சைக்கிள் ஓட்டத்தை ஞாயிறு விடியற்காலைக்கு வையுங்கள். முதல் இலக்கு பேத்தமங்கலம் ஏரிவரை போய்த் திரும்புவது. வாரத்துக்குப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தூரத்தைக் கூட்டாதீர்கள். திரும்பியதும் ஒரு முட்டியைத் தரையில் ஊன்றி இடுப்பை முன்னே தள்ளி நில்லுங்கள், பிறகு புஜங்காசனம். குனிந்தே கிடந்த நெஞ்சு நிமிரும்.

காற்று பலமாக அடிக்கிற நாளில் சுரங்கக் கழிவான சயனைடு மண்மேடுகளின் ஓரமாகப் பயிற்சிக்குப் போக வேண்டாம். அந்தத் தூசி கண்ணிலும் மூச்சிலும் ஏறும். சுற்றிப் போனாலும் பரவாயில்லை.

சாப்பாடு எளிது: கிளம்புமுன் களியோ கூழோ, கேழ்வரகுக்கு இந்த மாவட்டத்தில் பஞ்சமில்லை. காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு தலைதட்டிப் போட்டுக் கலக்கி, வழியெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். பறையை முதுகில் மாட்டாமல் துணி சுற்றிக் கேரியரில் கட்டுங்கள். மாற்று ட்யூப், பம்பு, பஞ்சர் சாமான் கட்டாயம்.

வி.கோட்டாவுக்கும் பேரணாம்பட்டுக்கும் நடுவே மலைப்பாதை. யானை நடமாடும் காடு, அதனால் நல்ல வெளிச்சத்தில் மட்டும் கடந்துவிடுங்கள். இறக்கத்தில் பிரேக்கைத் தொடர்ந்து அழுத்திப் பிடித்தால் சூடேறிவிடும், விட்டுவிட்டு அழுத்துங்கள். தங்கவயல் ஏறக்குறைய 850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. திரும்பும்போது இதே மலையை ஏற வேண்டும், கால் பலத்தைக் கீழேயே செலவழித்துவிடாதீர்கள்.

ஊர் வந்ததும் இறங்கிய வேகத்தில் ஆடாதீர்கள். தொடை மரத்துப்போயிருக்கும், துள்ளினால் சுளுக்கும். சைக்கிளைத் தள்ளிக்கொண்டே தெருவை ஒரு சுற்று நடங்கள். அதற்குள் ஒருவர் வைக்கோல் கொளுத்திப் பறையைக் காய்ச்சட்டும். தோல் இறுகி, குச்சிக்கு 'ணங்' என்று பதில் சொல்லும்போது காலும் தயாராக இருக்கும்.