ஒரு வாய்த் தண்ணீர்

தண்ணீர் குடிக்கும்போது புரையேறினால், “யாரோ உன்னை நினைக்கிறார்கள்” என்று சொல்லி வீட்டில் பெரியவர்கள் தலையில் தட்டுவார்கள். உணவுக்குழாய்க்குப் போக வேண்டிய நீர் மூச்சுக்குழாய்ப் பக்கம் திரும்பிவிடுவதே புரையேறுதல். அதை வெளியே தள்ளத்தான் நாம் இருமுகிறோம்.

பக்கவாதம் தாக்கியவர்களுள் ஏறக்குறைய பாதிப் பேருக்கு விழுங்குவது சிரமமாகிறது. சிலருக்கு உணவு நுரையீரலுக்குள் இறங்கினாலும் இருமல் வருவதில்லை. அன்போடு கஞ்சி ஊட்டுபவருக்கும் அது தெரியாது. பிறகு நிமோனியா காய்ச்சல் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். எனவேதான், விழுங்கும் திறனைச் சோதிக்கும் வரை மருத்துவமனையில் இவர்களுக்குத் தண்ணீர்கூடக் கொடுப்பதில்லை.

நம் வலக்கையை மூளையின் இடப்பக்கம் இயக்குகிறது. விழுங்குவதையோ மூளையின் இரு பக்கங்களும் சேர்ந்து இயக்குகின்றன. ஆயினும், பெரும்பாலோரிடம் ஒரு பக்கத்தின் கை ஓங்கியிருக்கும். இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் ஷாஹீன் ஹம்டியும் அவர்தம் குழுவினரும் 1990களில் இதை ஆராய்ந்தனர். பக்கவாதத்திற்குப் பின் விழுங்கும் திறன் திரும்பியவர்களைச் சோதித்தபோது, அவர்களின் மூளையில் பாதிக்கப்படாத பக்கத்தில், தொண்டைத் தசைகளை இயக்கும் பகுதி விரிவடைந்திருந்தது. நலமாக இருந்த பக்கம் கூடுதல் பொறுப்பை ஏற்றுக்கொண்டிருந்தது!

இந்த மாற்றத்திற்கு நாமும் கைகொடுக்க முடியுமா? அதற்கான முயற்சியே காந்தத் தூண்டல் சிகிச்சை. மாறும் காந்தப்புலம் மின்னோட்டத்தை உண்டாக்கும் என்று 1831இல் ஃபாரடே கண்டறிந்ததை அறிவியல் பாடத்தில் படித்திருப்பீர்கள். அதே விதியைக் கொண்டு, 1985இல் ஷெஃபீல்ட் நகரில் ஆண்டனி பார்க்கரின் குழுவினர் மூளையைத் தூண்டும் கருவியை உருவாக்கினர். தலைமேல் வைக்கப்படும் கம்பிச்சுருளில் மின்சாரம் விட்டுவிட்டுப் பாயும். அதன் காந்தப்புலம் மண்டையோட்டைக் கடந்து, நரம்பணுக்களில் சிறிய மின்னோட்டத்தை எழுப்பும். கத்தியும் வேண்டாம், மயக்க மருந்தும் வேண்டாம். கருவி ‘டக் டக்’ என்று ஒலிப்பதால் காதில் அடைப்பான் மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும்.

வேகமான துடிப்புகள் பொதுவாக நரம்பணுக்களின் செயல்பாட்டைக் கூட்டும். மெதுவான துடிப்புகள் குறைக்கும். எந்தப் பக்கத்தைத் தூண்டுவது, எத்தனை நாள் தூண்டுவது என்பதில் மருத்துவர்களிடையே இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. தலைக்குள் உலோகக் கருவி பொருத்தப்பட்டவர்களுக்கு இச்சிகிச்சை பொதுவாக ஏற்றதன்று. இது தனித்து நிற்கும் மருந்துமன்று. நோயாளி, சிகிச்சையாளருடன் அமர்ந்து விழுங்கும் பயிற்சியைத் தொடர்ந்து செய்ய வேண்டும். முகவாயைத் தாழ்த்தி, கெட்டியாக்கிய நீரை ஒரு தேக்கரண்டி விழுங்குவதே சிலருக்கு அன்றைய பாடமாக இருக்கும்.