பிறவி ஈற்றுக் கட்டி: அச்சமும் அறிவியலும்

பல் மருத்துவ விரிவுரை ஒன்றில் ஒரு படம் திரையில் காட்டப்பட்டது. பிறந்து ஒரு நாளே ஆன பெண் குழந்தை. அதன் மேல் ஈற்றிலிருந்து திராட்சைப் பழம் போன்ற செந்நிறச் சதை ஒன்று வாய்க்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. வார இறுதியில் வீட்டுக்குச் சென்றபோது அதைப் பற்றி அம்மாவிடம் சொன்னேன். 'டியூமர்' என்பதைக் 'கட்டி' என்று மொழிபெயர்த்தேன். "ஐயோ, பச்சைக் குழந்தைக்குமா புற்றுநோய் வரும்?" என்று அம்மா பதறினார். அது புற்றுநோய் அல்ல என்று விளக்க அரை மணி நேரம் ஆயிற்று.

தொடக்கப் பள்ளியில் தமிழிலும், இடைநிலைப் பள்ளியில் மலாயிலும், இங்கே ஆங்கிலத்திலும் படித்த எனக்குப் பாடம் தெரிந்திருந்தது. அதை வீட்டில் சொல்லத் தெரியவில்லை. அந்தக் குறையே இக்கட்டுரைக்குக் காரணம்.

பிறவி ஈற்றுக் கட்டி என்பது யாது?

இந்நோயை 1871ஆம் ஆண்டில் முதன்முதலாக விவரித்தவர் எர்ன்ஸ்ட் நியூமன் என்னும் ஜெர்மானிய நோயியல் அறிஞர். மருத்துவ நூல்கள் இதைப் 'பிறவி எப்யூலிஸ்' என்று குறிப்பிடுகின்றன. 'எப்யூலிஸ்' என்னும் கிரேக்கச் சொல்லுக்கு 'ஈற்றின் மேல் இருப்பது' என்பதே பொருள்.

இது மிக அரிதானது. ஆண் குழந்தைகளைவிடப் பெண் குழந்தைகளுக்கு ஏறத்தாழ எட்டு முதல் பத்து மடங்கு அதிகமாக வருகிறது. கீழ்த்தாடையைவிட மேல்தாடையில்தான் மிகுதியாகக் காணப்படும். ஏறத்தாழப் பத்தில் ஒரு குழந்தைக்கு ஒன்றுக்கு மேற்பட்ட கட்டிகள் இருக்கலாம். அளவு சில மில்லிமீட்டர் முதல் பல சென்டிமீட்டர் வரை வேறுபடும். பெரும்பாலும் ஒரு காம்பின் மூலம் ஈற்றோடு ஒட்டியிருக்கும்.

இதன் வியப்பான பண்பு ஒன்றுண்டு. தாயின் வயிற்றில், கடைசி மூன்று மாதங்களில் வேகமாக வளரும் இக்கட்டி, குழந்தை பிறந்ததும் வளர்வதை நிறுத்திவிடுகிறது. சிறிய கட்டிகள் சில, மாதக்கணக்கில் தாமாகவே சுருங்கி மறைந்தும் விடுகின்றன. தாயின் ஹார்மோன்களே இதற்குக் காரணமாக இருக்கலாம் என்று கருதி ஆய்வாளர்கள் சோதித்துப் பார்த்தனர். ஆனால், கட்டியின் செல்களில் அந்த ஹார்மோன்களை ஏற்கும் அமைப்பு பெரும்பாலும் காணப்படவில்லை. ஆகவே, அக்கருத்து இன்னும் மெய்ப்பிக்கப்படவில்லை.

ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்லலாம். கிரகணத்தில் வெளியே சென்றதாலோ, ஆகாத உணவை உண்டதாலோ இது வருவதில்லை. தாயின் மீது பழி போடுவதற்கு இதில் இடமே இல்லை.

மருத்துவர் கேட்கும் இரண்டு கேள்விகள்

கட்டி எவ்வளவு பெரியது என்பதைவிட, குழந்தை மூச்சு விடுகிறதா, பால் குடிக்கிறதா என்பவையே முதன்மையான கேள்விகள். புதிதாய்ப் பிறந்த குழந்தை பெரும்பாலும் மூக்கு வழியாகவே சுவாசிக்கும். எனவே, வாயிலிருந்து வெளியே தொங்கும் பெரிய கட்டிகூட மூச்சை அடைக்காமல் இருக்கலாம். ஆனால், வாயை மூட முடியாததால் குழந்தையால் மார்பில் பால் குடிக்க இயலாமல் போகும். அப்போது தாய்ப்பாலைப் பீய்ச்சிக் கரண்டியாலோ, மெல்லிய குழாய் வழியாகவோ கொடுப்பார்கள்.

இரண்டுக்கும் இடையூறு இல்லையென்றால், சிறிய கட்டியை வெட்டாமல் கண்காணித்து வந்தாலே போதும். இடையூறு இருந்தால் அறுவை சிகிச்சை செய்யப்படும். பெரும்பாலும் பிறந்த சில நாட்களுக்குள் இது நடைபெறுகிறது.

ஆழமாக வெட்டக் கூடாது

அறுவை சிகிச்சை எளிமையானதே. மயக்க மருந்து கொடுத்து, ஈற்றோடு சேரும் காம்பின் அடியில் கட்டியை வெட்டி எடுக்கிறார்கள். கட்டியில் இரத்த நாளங்கள் மிகுந்திருப்பதால், மின்சூட்டுக் கருவியால் இரத்தக் கசிவை நிறுத்துவதும் உண்டு. இதனால்தான் வீட்டில் நூல் கட்டிப் பார்ப்பதும் கிள்ளிப் பார்ப்பதும் கூடவே கூடாது.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. பிறந்த குழந்தையின் ஈற்றுக்குள் பால் பற்களின் மொட்டுகள் ஏற்கெனவே உருவாகி வருகின்றன. ஆழமாகத் தோண்டினால் அவை பாதிக்கப்படும். நல்ல வேளையாக, இந்தக் கட்டியின் சிறு பகுதி எஞ்சிவிட்டாலும் அது மீண்டும் வளர்வதில்லை. புற்றுநோயாக மாறியதாகவும் பதிவு இல்லை. எனவே, அறுவை மருத்துவர் குறைவாக வெட்டுவதே குழந்தைக்கு நன்மை. பொதுவாக ஓரிரு நாட்களில் குழந்தை பால் குடிக்கத் தொடங்கிவிடும். பின்னர் பற்களும் வழக்கம்போலவே முளைக்கின்றன.

ஒத்த தோற்றம், வேறு நோய்

குழந்தையின் வாயில் காணப்படும் எல்லாமே இக்கட்டி அல்ல. அண்ணத்தின் நடுவில் வெண்முத்துகள் போல் தெரிபவை 'எப்ஸ்டீன் முத்துகள்'. அவை பல குழந்தைகளுக்கு இருப்பவை. சில வாரங்களில் மறைந்துவிடும்.

கருமை படர்ந்து, மேல்தாடை எலும்பை அரித்து வேகமாக வளரும் கட்டி ஒன்றும் உண்டு. நிறமி கொண்ட நரம்புப்புறத்தோல் கட்டி என்று அதைச் சொல்லலாம். பெரும்பாலும் முதல் ஆண்டுக்குள் தோன்றும் அது, வெட்டிய பின்னும் மீண்டும் வரக்கூடியது. அங்கே மேலோட்டமாக வெட்டினால் போதாது. ஆகவே, வெட்டிய சதையை நுண்ணோக்கியில் சோதித்துப் பெயரை உறுதி செய்வதும் சிகிச்சையின் ஒரு பகுதியே.

பிறக்கும் முன்பே தெரிந்தால்

கடைசி மூன்று மாதங்களில் எடுக்கும் ஸ்கேனில் கட்டி தெரியவரலாம். தெளிவு தேவைப்பட்டால் எம்.ஆர்.ஐ. படமும் எடுப்பார்கள். வாயை அடைக்கும் கட்டியால் சிசு பனிக்குட நீரை விழுங்க முடியாமல் போகும். அதனால் அந்நீர் அளவுக்கு மீறிப் பெருகலாம். அண்ணத்திலிருந்து வளரும் 'எபிக்னேதஸ்' என்னும் கட்டி, மூச்சுப் பாதையையே அடைத்து உயிருக்கு ஆபத்தை விளைவிக்கும்.

அத்தகைய நிலையில் 'எக்ஸிட்' என்னும் முறை கைகொடுக்கிறது. வயிற்றைக் கிழித்துக் குழந்தையின் தலையையும் தோள்களையும் மட்டும் வெளியே எடுப்பார்கள். தொப்புள்கொடியை வெட்டுவதில்லை. தாயின் நஞ்சுக்கொடி வழியே குழந்தைக்கு உயிர்வளி தொடர்ந்து சென்றுகொண்டிருக்கும். அந்த அவகாசத்தில் மூச்சுக்குழாய்க்குள் குழாயைச் செலுத்திவிட்டு, அதன்பின் கொடியை வெட்டுவார்கள். மகப்பேறு மருத்துவர், குழந்தை அறுவை மருத்துவர், மயக்க மருந்து நிபுணர், தாதியர் அனைவரும் முன்கூட்டியே திட்டமிட்டால்தான் இது இயலும்.

எப்படிச் சொல்வது?

நம்மில் பலர் நாளை மருத்துவராகவும் தாதியாகவும் பணியாற்றப் போகிறோம். மருத்துவத் துறைக்கே செல்லாதவர்களும் உறவினருக்காக மருத்துவர் சொல்வதை மொழிபெயர்க்க நேரிடும். அப்போது 'கட்டி' என்று மட்டும் சொல்லி நிறுத்தினால், கேட்பவர் மனத்தில் 'புற்று' என்றே பதியும். பொய்யான ஆறுதலும் தவறு. பரிசோதனைக்கு முன் எதையும் முடிந்த முடிவாகச் சொல்ல முடியாது.

இப்படிச் சொல்லிப் பார்க்கலாம்: "பாப்பாவோட ஈறுல சதை வளர்ந்திருக்கும்மா. பார்த்தா ஆபத்தில்லாத வகை மாதிரிதான் தெரியுது. எடுத்த சதையைச் சோதிச்சு உறுதியாச் சொல்லுவாங்க. நீங்க செஞ்ச எதுனாலயும் இது வரல."

என் அம்மாவுக்கு அன்று நான் சொல்லியிருக்க வேண்டிய சொற்கள் இவைதாம். மூன்று மொழிகளில் கற்றதை, தேவைப்படும் நேரத்தில் தாய்மொழியில் ஒரு தாய்க்குப் புரியும்படி சொல்ல முடிந்தால், நாம் கற்ற கல்விக்கும் காத்துவரும் தமிழுக்கும் அது பெருமையே.