நகரசபை வேட்பாளரும் ஊர்ப் பணமும்
பிரஸ்டன் நகரம் நமக்குத் தரும் பாடம்

நகரசபைக்குப் போட்டியிடுவோர் வாக்காளரிடம் வழக்கமாக என்ன சொல்லுகின்றனர்? தெருவிளக்கு, சாக்கடை, குடிநீர்க் குழாய் ஆகியவற்றைப் பற்றிச் சொல்லுகின்றனர். இவையெல்லாம் வேண்டியவைதாம். ஆயினும், ‘இவ்வூரார் செலுத்தும் வரிப்பணத்தில் எவ்வளவு இவ்வூராருக்கே வேலையாகவும் கூலியாகவும் திரும்பி வருகிறது?’ என்று கேட்டு, அக்கேள்வியின் மீது வாக்குக் கோருவோர் மிகச் சிலரே. அப்படிக் கேட்ட ஒரு நகரத்தின் வரலாற்றை இம்மாதப் பாடமாக எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்தில் லங்காஷயர் மாவட்டத்திலுள்ள பிரஸ்டன் என்பது அந்நகரின் பெயர்.

1. நெசவாளர் அறிந்த மண்

லங்காஷயர் என்ற பெயர் நம் நெசவாளர்க்குப் புதிதன்று. அங்குள்ள ஆலைத் துணி இங்கு வந்து இறங்கிய காலத்தில் நம் கைத்தறிகள் பட்ட பாட்டை முதியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். ஆனால் அக்காலத்தில் அதே லங்காஷயரைச் சேர்ந்திருந்த ராச்டேல் என்னும் ஊரிலேதான், 1844-ஆம் ஆண்டு டிசம்பர் 21-ஆம் நாள், நெசவாளரும் பிற தொழிலாளருமான 28 பேர் தம் கூட்டுறவுக் கடையைத் திறந்தனர். நம்மைத் தாழ்த்திய துணியும் நம்மைத் தூக்கிவிட்ட கூட்டுறவும் ஒரே மண்ணில் பிறந்தவை.

பிரஸ்டனும் பருத்தி நகரமே. நூற்பு இயந்திரத்தால் புகழ் பெற்ற ரிச்சர்டு ஆர்க்ரைட் 1732-இல் பிறந்தது அங்கேதான். குறைத்த கூலியில் நூற்றுக்குப் பத்து வீதம் திருப்பித் தர வேண்டும் என்று கேட்ட தொழிலாளர்களை, 1853-இல் முதலாளிகள் கதவடைத்து வெளியே நிறுத்தினர். அப்போராட்டம் மறு ஆண்டு வரை நீடித்தது. இருபதாம் நூற்றாண்டில் ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடின. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் வேலையும் வருவாயும் தேடித் திகைத்து நின்றது அந்நகரம்.

2. வெளியார் வருவார் என்ற நம்பிக்கை

நகரின் நடுவில் பெரும் கடைவீதி ஒன்றை எழுப்பினால் எல்லாம் சரியாகும் என்று நகரசபை பல ஆண்டுகள் எண்ணியிருந்தது. டித்தபார்ன் என்ற அத்திட்டத்தின் மதிப்பு 70 கோடிப் பவுன். 2011-இல் முதன்மையான கடை நிறுவனம் விலகிக்கொண்டது; திட்டம் கலைந்தது. வெளியிலிருந்து வரும் ஒருவரை நம்பி ஓர் ஊர் முழுவதும் காத்திருந்தால், அவர் வராதபோது என்ன நேரும் என்பதை அந்நகர மக்கள் அன்று கண்டுகொண்டனர்.

அந்நகரசபையில் மாத்யூ பிரவுன் என்பவர் தொழிற்கட்சி உறுப்பினராக 2002 முதல் இருந்து வந்தார். ஸ்பெயின் நாட்டில் பாஸ்க் மக்கள் வாழும் மொந்திரகோன் ஊரில் 1956 முதல் வளர்ந்த தொழிலாளர் கூட்டுறவுகளையும், அமெரிக்காவில் கிளீவ்லாந்து நகரில் மருத்துவமனைகளும் பல்கலைக்கழகமும் வாங்கும் சேவைகளைத் தொழிலாளர் கூட்டுறவுகளுக்கு அளிக்க 2008-இல் தொடங்கிய முயற்சியையும் அவர் கவனித்து வந்தார். ‘வெளியாரின் முதலைத் தேடுவதை நிறுத்தி, நம்மிடம் உள்ள பணத்தை முதலில் எண்ணிப் பார்ப்போம்’ என்பதே அவரும் அவருடைய தோழர்களும் வகுத்த கொள்கையின் சாரம். 2018-இல் அவர் நகரசபைத் தலைவரானார்.

3. முதலில் கணக்கு

அவர்கள் செய்த முதல் வேலை மேடைப் பேச்சு அன்று, கணக்கெடுப்பு. கடையோ ஆலையோ ஊரைவிட்டுப் போய்விடலாம். நகரசபை, மாவட்ட மன்றம், காவல்துறை, கல்லூரிகள், வீட்டுவசதி நிறுவனம் போன்றவை போக மாட்டா. இவற்றை ‘நங்கூர நிறுவனங்கள்’ என்றனர். மான்செஸ்டரைச் சேர்ந்த ஓர் ஆய்வு நிலையத்தின் துணையுடன், இவை பொருள்களுக்கும் பணிகளுக்கும் செலவிடும் தொகை எங்கே செல்கிறது என்று பார்த்தனர்.

2012–13-இல் அவ்வகைச் செலவு சுமார் 75 கோடிப் பவுன். அதில் பிரஸ்டனுக்குள் தங்கியது நூற்றுக்கு 5 மட்டுமே. அதாவது 3 கோடியே 80 இலட்சம் பவுன் அளவு. லங்காஷயர் முழுவதையும் சேர்த்தாலும் நூற்றுக்கு 39 தான். கண்மாயில் நீர் வந்தும் மடை உடைந்திருந்தால் வயல் காயும் என்பது நம் விவசாய அங்கத்தினர்க்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

4. மடையைச் செப்பனிட்ட முறை

உள்ளூர்க்காரருக்கே தருவோம் என்று ஒரு தீர்மானம் போட்டுவிட முடியாது. போட்டியின்றித் தருவதைச் சட்டம் தடுத்தது. எனவே அவர்கள் வாங்கும் முறையையே மாற்றினர். பெரிய டெண்டர்களைச் சிறு சிறு பகுதிகளாகப் பிரித்தனர். பள்ளிப் பிள்ளைகளுக்கான உணவுப் பொருள்களின் ஒப்பந்தத்தை மாவட்ட மன்றம் அவ்வாறு பிரித்தபோது, அப்பகுதி விவசாயிகளின் விளைபொருள்களைக் கொண்டு அவ்வட்டார வியாபாரிகளே போட்டியிட்டு வெல்ல முடிந்தது. டெண்டர் வருவதற்கு முன்பே உள்ளூர்த் தொழில் செய்வோரைக் கூட்டி, என்ன வேண்டும், எப்போது வேண்டும் என்று விளக்கினர். 2012-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, பணிகளை வாங்கும்போது சமூக நன்மையையும் எண்ணிப் பார்க்கச் சொல்லியது. அதையும் அவர்கள் பயன்படுத்திக்கொண்டனர்.

2016–17-இல் மறுபடியும் கணக்கெடுத்தனர். பிரஸ்டனில் தங்கிய தொகை 11 கோடிப் பவுனுக்கு மேல், நூற்றுக்கு 18. லங்காஷயரில் தங்கியது நூற்றுக்கு 79. மொத்தச் செலவு முன்னைவிடக் குறைந்திருந்த காலத்தில் இது நிகழ்ந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். 2023-இல் வெளியான ஒரு மருத்துவ ஆய்வு, இம்முறை நடைமுறைக்கு வந்த பின் அந்நகரில் மனச்சோர்வு எதிர்பார்த்த அளவைவிடக் குறைந்தும் ஊதியம் உயர்ந்தும் காணப்பட்டதாகக் கூறியது.

எல்லாமே வெற்றி என்று நான் சொல்லவில்லை. ஒவ்வோர் ஊரும் இவ்வாறே செய்தால் அடுத்த ஊரின் பிழைப்பைப் பறிப்பதாகாதா என்று கேட்போர் உண்டு. அது நியாயமான கேள்வி. உள்ளூர் வியாபாரிக்குக் கிடைத்த ஒப்பந்தம் அவரிடம் வேலை செய்பவருக்கு நல்ல கூலியாக மாறும் என்பதும் தானே நடந்துவிடுவதன்று. வாங்கும் முறை மாறிய வேகத்தில் புதிய தொழிலாளர் கூட்டுறவுகள் அங்கே பெருகவில்லை.

5. சங்கமும் கட்சியும்

‘சங்கத்தில் அரசியல் கூடாது என்பீர்களே, இப்போது தேர்தலைப் பற்றி எழுதுகிறீர்களே’ என்று அங்கத்தினர் கேட்கலாம். 1937-இல் சர்வதேசக் கூட்டுறவு ஸ்தாபனம் வகுத்த கோட்பாடுகளில் அரசியல், சமய நடுநிலைமையும் ஒன்று. ஆயினும் அதற்கு 20 ஆண்டுகள் முன்னரே, 1917-இல், போர்க்கால உணவு வினியோகத்தில் தங்கள் சங்கங்கள் ஒதுக்கப்பட்டதைக் கண்ட பிரிட்டிஷ் கூட்டுறவாளர்கள் தமக்கென ஒரு கட்சியையே தொடங்கினர். நடுநிலைமை என்பது ஊர்க் காரியங்களில் கண்ணை மூடிக்கொள்வதன்று. சங்கத்தின் பணமும் மேடையும் பெயரும் எந்த வேட்பாளருக்கும் உரியன அல்ல. ஆனால் அங்கத்தினர் ஒவ்வொருவரும் எல்லா வேட்பாளரிடமும் ஒரே கேள்வியைக் கேட்க உரிமையுடையவர்.

6. என் குறிப்பேட்டிலிருந்து

இந்தப் பாடத்தை நான் முதலில் கற்றது புத்தகத்திலன்று. என் உத்தியோகத்தின் தொடக்கத்தில் ஒரு நெசவாளர் சங்கத்தை ஆய்வு செய்து வந்தேன். கிடங்கில் படுக்கை விரிப்புகள் கூரை வரை அடுக்கியிருந்தன. வாரத்தில் மூன்று நாளுக்கே பாவு கொடுக்க முடிந்தது. ‘சரக்குத் தேக்கம், தள்ளுபடி விற்பனை நடத்துக’ என்று தொடர்ந்து மூன்று ஆண்டுகள் அறிக்கையில் எழுதினேன்.

மூன்றாம் ஆண்டு, வயது முதிர்ந்த அங்கத்தினர் ஒருவர் என்னிடம், “ஐயா, என் மகளைப் பிரசவத்துக்கு நகராட்சி ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தேன். கட்டிலில் கிடந்த விரிப்பு நம் தறியில் நெய்தது இல்லை, தொட்டதுமே தெரிந்துவிட்டது” என்றார். ஆஸ்பத்திரி, சங்கத்திலிருந்து இரண்டு தெரு தள்ளி இருந்தது. விசாரித்தேன். ஓராண்டுத் தேவை முழுவதற்கும் ஒரே டெண்டர். சங்கத்தால் கட்ட இயலாத முன்வைப்புத் தொகை. வாங்கியது வெளியூர் வியாபாரியிடம். அந்த வார்டின் நகரசபை உறுப்பினரோ நம் சங்க அங்கத்தினரின் மகன்! தெருவுக்கு விளக்குப் போட்டுத் தந்த நல்லவர். டெண்டரைப் பிரிக்கக் கோரும்படி அவரிடம் யாரும் கேட்கவில்லை. கேட்கச் சொல்ல வேண்டிய நானும் சொல்லவில்லை. அந்த மூன்று ஆண்டுகளில் சில குடும்பங்கள் தறியை விற்றுவிட்டு ஊரைவிட்டே போய்விட்டன. அவர்களுடைய பெயர்களை அங்கத்தினர் பதிவேட்டில் சிவப்பு மையால் அடித்தவனும் நானே.

7. வேட்பாளராக நிற்போர்க்கு

அங்கத்தினர் எவரேனும் நகரசபைக்கு நிற்க எண்ணினால், பின்வருவனவற்றைச் செய்தபின் வாக்குக் கேட்பாராக.

(அ) நகரசபையின் வரவு செலவுத் திட்டத்தை வாங்கிப் படித்து, அது ஆண்டுதோறும் வாங்கும் பொருள்களைப் பட்டியலிடுக.
(ஆ) அவற்றுள் நம் ஊரில் நெய்வன, விளைவன, செய்வன எவை என்று குறித்துக்கொள்க.
(இ) நம் சங்கங்கள் தரத்தோடும் தவணை தவறாமலும் தரக்கூடிய அளவை, சங்கத்தாரிடமே கேட்டு எழுதுக. தர முடியாததைத் தருவதாகச் சொல்லி வாக்கு வாங்குவது ஊருக்கும் சங்கத்துக்கும் கேடு.
(ஈ) டெண்டர் விதிகளில் எதை நகரசபையே மாற்றலாம், எது மேலிடத்துச் சட்டம் என்பதைப் பிரித்து அறிக.
(உ) பதவி பெற்றபின் சொந்தச் சங்கத்தைப் பற்றிய முடிவுகளில் வாக்களியாமல் விலகி நிற்பதாக முன்கூட்டியே அறிவிக்க. ஊர்நலம் உறவினர் நலமாக மாறும் இடம் இதுவே.

படிப்பு வட்டத்தில் விவாதிக்க

1. நம் ஊர்ப் பள்ளி, மருத்துவமனை, விடுதி ஆகியவை சென்ற ஆண்டு வாங்கிய துணியும் தானியமும் எங்கிருந்து வந்தன?
2. நம் சங்கம் ஒரு டெண்டரில் கலந்துகொள்ளத் தடையாக இருப்பவை எவை? அவற்றுள் நம் குறை எது, விதியின் குறை எது?
3. பக்கத்து ஊர்ச் சங்கமும் இதே ஒப்பந்தத்தைக் கேட்டால் நாம் செய்ய வேண்டியது போட்டியா, பங்கீடா?

விடைகளை எழுதி வைத்துக்கொண்டு, அடுத்த முறை வாக்குக் கேட்டு வருவோரிடம் காட்டுங்கள். அவர்கள் கட்சி எதுவாயினும், அந்தத் தாளைப் படித்துவிட்டு அவர்கள் என்ன சொல்லுகின்றனர் என்று பாருங்கள்.