மலைச்சரிவு வீட்டில் குளியலறைத் தண்ணீர்

முகாமிலிருந்து வீடு திரும்பியதும் பலரும் முதலில் திருத்துவது மலசலகூடத்தையும் குளிக்கும் இடத்தையும்தான். இப்போது நீங்கள் அங்கே பொருத்தும் சாமானே இனிப் பல வருடங்களுக்கு வீட்டின் தண்ணீர்ச் செலவைத் தீர்மானிக்கும்.

லிந்துலையில் இது ஏன் முக்கியம்?

வருடத் தொடக்கத்தில் மழை குறையும்போது ஊற்றுகள் சுருங்கி, பீலியில் தண்ணீர் நூலாக விழும். இது ஒரு காரணம். மற்றது, வீட்டில் ஊற்றும் தண்ணீர் மலக்குழி வழியாகச் சரிவுக்குள் ஊறுகிறது. நீர் ஊறிய மண் பாரமாகிப் பிடிப்பை இழக்கும். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன்களை மூடிய மண்சரிவு கனமழைக்குப் பின்பே வந்தது. மழையை நம்மால் குறைக்க முடியாது. ஆனால் சரிவில் நாமே சேர்க்கும் தண்ணீரைக் குறைக்கலாம்.

எந்த மலசலகூடம்?

ஐந்து பேர் உள்ள வீட்டில் ஆளுக்கு ஐந்து தடவை என்றால், ஒரு நாளைக்கு 25 தடவை. கணக்கு இப்படி வரும்:

• பழைய சிஸ்டன், தடவைக்கு 9 லீற்றர்: 225 லீற்றர்
• இரண்டு பொத்தான் சிஸ்டன், சிறியது 3 லீற்றர் (20 தடவை), பெரியது 6 லீற்றர் (5 தடவை): 90 லீற்றர்
• வாளியால் ஊற்றும் குந்து கோப்பை, தடவைக்கு 2 முதல் 3 லீற்றர்: 50 முதல் 75 லீற்றர்

பீலித் தண்ணீரை நம்பியுள்ள வீட்டுக்குக் குந்து கோப்பையே சிக்கனம். முழங்கால் வலியுள்ள பெரியவர்கள் இருந்தால் இரண்டு பொத்தான் சிஸ்டன் உள்ள இருக்கைக் கோப்பையைப் பாருங்கள். பழைய சிஸ்டனை மாற்ற வசதியில்லையா? ஒரு லீற்றர் போத்தலில் தண்ணீர் நிரப்பி, மூடி, மிதவையில் படாமல் உள்ளே வையுங்கள். தடவைக்கு ஒரு லீற்றர் மிஞ்சும். செங்கல் வைக்க வேண்டாம். கரைந்து வாஷரைக் கெடுக்கும்.

குழாயும் ஷவரும்

சாதாரண ஷவரில் நிமிடத்துக்கு 10 லீற்றருக்கு மேல் போகலாம். ஒரு வாளித் தண்ணீரில் குளித்தால் 15 முதல் 20 லீற்றரோடு முடியும். சிக்கன ஷவர் வாங்குவதானால், தாங்கியிலிருந்து வரும் குறைந்த அழுத்தத்தில் அது வேலை செய்யுமா என்று கடையில் கேளுங்கள். குழாயில் காற்றுக் கலக்கும் முனை பொருத்தினால் கை கழுவ வரும் தண்ணீர் குறையும். துணி வலை உள்ள முனையில் மண் அடைக்கும். மாதம் ஒரு தடவை கழற்றிக் கழுவுங்கள்.

கழிவு நீர்

குளித்த தண்ணீரை மலக்குழிக்குள் விடாதீர்கள். வீட்டின் பின்னால் சரிவிலும் கொட்டாதீர்கள். குழாய் போட்டுச் சீமெந்துக் கானில் சேருங்கள். குடிநீர் ஊற்றுக்கு மேற்புறம் மலக்குழி தோண்ட வேண்டாம்.

இந்த வாரம் செய்து பாருங்கள்

சீனி போடாத கடும் சாயத்தண்ணீரை ஆறவைத்துச் சிஸ்டனுக்குள் ஊற்றுங்கள். கால் மணி நேரம் யாரும் பொத்தானை அமுக்கக் கூடாது. கோப்பையில் சாயம் தெரிந்தால் உள்ளே ஒழுகுகிறது, வாஷரை மாற்றுங்கள். இரவில் சொட்டும் குழாயின் கீழ் வாளி வைத்து, காலையில் எவ்வளவு சேர்ந்தது என்று பிள்ளைகளை அளக்கச் சொல்லுங்கள்.

நிலத்தில் புதிய வெடிப்போ, சரிவில் திடீரெனக் கலங்கிய ஊற்றோ கண்டால், உடனே வீட்டை விட்டு விலகி, கிராம உத்தியோகத்தருக்கு அறிவியுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117.