பூனையும் முயலும் வளரும் வீட்டில் தெள்ளுப்பூச்சி: பாதுகாப்பாக ஒழிப்பது எப்படி?

மூத்தோருக்கான வீட்டுச் சுகாதாரக் கையேடு

2024 செப்டம்பர் 1 முதல் வீவக வீடுகளில் முறைப்படி பூனை வளர்க்கலாம். பேரப்பிள்ளைகளுக்காக முயல் வாங்கி வளர்ப்பவர்களும் நம்மிடையே உள்ளனர். தனிமையில் இருக்கும் மூத்தோருக்கு இந்தப் பிராணிகள் நல்ல துணை. ஆனால் பிராணி இருக்கும் வீட்டில் என்றாவது ஒரு நாள் தெள்ளுப்பூச்சி நுழையக்கூடும். அது வந்துவிட்டால் வெட்கப்பட ஒன்றுமில்லை. வீடு அழுக்காக இருக்கிறது என்றும் பொருளில்லை.

பூச்சியைப் பார்த்ததும் பதறி, கைக்குக் கிடைத்த மருந்தைத் தெளிப்பதுதான் ஆபத்து. நாய்க்குப் பாதுகாப்பான மருந்து பூனையைக் கொல்லலாம். பூனைக்குப் பாதுகாப்பான மருந்து முயலைக் கொல்லலாம். எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்பதை இந்தக் கையேட்டில் படித்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

தெள்ளுப்பூச்சிதானா என்று எப்படி அறிவது?

தெள்ளுப்பூச்சி எள்ளைவிடச் சற்றுச் சிறியது. நீளம் 1 முதல் 3 மில்லிமீட்டர் இருக்கும். செம்பழுப்பு நிறம். இறக்கை கிடையாது, ஆனால் துள்ளிக் குதிக்கும். உண்ணியும் பேனும் மூட்டைப்பூச்சியும் குதிப்பதில்லை. குதித்தால் அது தெள்ளுப்பூச்சி என்று சந்தேகிக்கலாம்.

வீட்டிலேயே ஓர் எளிய சோதனை செய்யலாம்:

1. ஈரமாக்கிய வெள்ளை டிஷ்யூ தாளைத் தரையில் விரியுங்கள்.
2. பிராணியை அதன்மேல் நிறுத்தி, பேன் சீப்பு போன்ற நெருங்கிய பற்கள் உள்ள சீப்பால் முதுகையும் வால் பக்கத்தையும் மெதுவாக வாருங்கள்.
3. மிளகுத்தூள் போன்ற கறுப்புத் துகள்கள் தாளில் விழுகின்றனவா என்று பாருங்கள்.
4. அந்தத் துகள்களைச் சுற்றி ஈரத்தில் செந்நிறம் பரவினால், அது தெள்ளுப்பூச்சியின் கழிவு. பூச்சி குடித்த இரத்தம்தான் அப்படிச் சிவக்கிறது.

முயலின் தோல் மிக மெல்லியது. அழுத்தி வாராதீர்கள். முயலைத் தூக்கும்போது பின்பக்கத்தை ஒரு கையால் தாங்கிக்கொள்ளுங்கள். தாங்காவிட்டால், அது உதைத்துத் திமிறும்போது முதுகெலும்பு முறிந்துவிடக்கூடும்.

“மருந்து போட்டேனே, மறுபடியும் வந்துவிட்டதே!”

பலரும் இப்படித்தான் சொல்கிறார்கள். காரணம் இதுதான்: நாம் பிராணியின் உடம்பில் பார்ப்பது மொத்தப் பூச்சிகளில் ஒரு சிறு பங்கு மட்டுமே. 100 இருந்தால் சுமார் 5 மட்டும் உடம்பில் இருக்கும். மற்றவை முட்டையாகவும் புழுவாகவும் கூட்டுப்புழுவாகவும் பாய்விரிப்பிலும் சோபா இடுக்கிலும் கட்டிலுக்கு அடியிலும் கிடக்கும்.

ஒரு பெண் பூச்சி நாளொன்றுக்கு 40 முட்டைக்கு மேலும் இடக்கூடும். முட்டைகள் ஒட்டிக்கொள்ளாமல் பிராணி படுக்கும் இடமெல்லாம் உதிர்ந்துவிடும். நம் ஊரின் வெப்பமும் ஈரப்பதமும் அவற்றுக்கு ஏற்றவை. மூன்று வாரத்திற்குள்ளேயே முட்டை பூச்சியாகிவிடலாம்.

கூட்டுப்புழு நிலையில் பூச்சிமருந்து அதற்குள் எளிதில் இறங்காது. அது மாதக்கணக்கில் அப்படியே காத்திருக்கும். ஆள் நடக்கும் அதிர்வும் உடற்சூடும் பட்டதும் வெளியே வரும். ஒரு மாதம் மகன் வீட்டில் தங்கிவிட்டுத் திரும்பியதும் கால் முழுவதும் கடி விழுவது இதனால்தான்.

ஆகவே பிராணி, வீடு ஆகிய இரண்டையும் ஒரே காலத்தில் கவனிக்க வேண்டும். குறைந்தது மூன்று மாதம் விடாமல் செய்ய வேண்டும்.

மனிதர்களுக்கு என்ன பாதிப்பு?

பெரும்பாலும் கணுக்காலிலும் பாதத்திலும் சிறு சிவந்த தடிப்புகள் கூட்டமாக வரும். அரிப்பு கடுமையாக இருக்கும். சொறிந்தால் புண்ணாகிக் கிருமி தொற்றக்கூடும். நீரிழிவு உள்ளவர்களுக்குக் காலில் ஏற்படும் சிறு புண்ணும் பெரிய தொல்லையாகிவிடும்.

• கடித்த இடத்தைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, துணியில் சுற்றிய பனிக்கட்டியைச் சில நிமிடம் வையுங்கள்.
• சுண்ணாம்பு, தலைவலித் தைலம், எலுமிச்சைச் சாறு ஆகியவற்றைத் தடவாதீர்கள். தோல் மேலும் எரியும்.
• அரிப்புக்கான சில மாத்திரைகள் தூக்கத்தை வரவழைத்து, தடுமாறி விழச் செய்யலாம். நீங்கள் ஏற்கெனவே உண்ணும் மருந்துகளைச் சொல்லி, மருந்தாளரிடம் கேட்டு வாங்குங்கள்.

தெள்ளுப்பூச்சியால் அரிதாகச் சில நோய்களும் பரவும். பூச்சியின் கழிவு புண்ணில் படுவதால் ஒருவகை டைபஸ் காய்ச்சல் வரலாம். பூச்சியுள்ள பூனை பிறாண்டினால் காய்ச்சலும் நெறிகட்டுதலும் ஏற்படலாம். சிறு பிள்ளைகள் தவறிப் பூச்சியை விழுங்கினால் குடலில் நாடாப்புழு வளரலாம்.

ஒருபோதும் செய்யாதீர்கள்

நாய்க்கான மருந்தைப் பூனைக்குப் போடாதீர்கள். நாய்களுக்கான பல சொட்டு மருந்துகளில் பெர்மெத்ரின் உள்ளது. பூனையின் உடலால் அதைச் சிதைத்து வெளியேற்ற முடியாது. சில மணி நேரத்தில் நடுக்கம், எச்சில் வடிதல், வலிப்பு ஏற்பட்டு உயிரே போகலாம். “சிறிது மட்டும் போடுகிறேன்” என்பதும் ஆபத்துதான்.

பூனைக்கான மருந்தை முயலுக்குப் போடாதீர்கள். பூனைகளுக்குப் பரவலாகப் பயன்படும் ஃபிப்ரோனில் என்ற மருந்து முயலுக்கு வலிப்பையும் மரணத்தையும் உண்டாக்கக்கூடியது. முயலுக்குக் கழுத்துப்பட்டையும் வேண்டாம். அதைக் கடித்துத் தின்றுவிடும்.

முயலைக் குளிப்பாட்டாதீர்கள். நனைந்த முயல் அஞ்சி நடுங்கும், உடல் சூடு குறையும், அதிர்ச்சியில் இறந்தும் போகலாம்.

கைவைத்தியத்தைப் பிராணிகள்மீது சோதிக்காதீர்கள். கற்பூரம், தைலம், யூகலிப்டஸ் எண்ணெய், தேயிலை மர எண்ணெய், மண்ணெண்ணெய், பீனால் கலந்த கிருமிநாசினி ஆகியவற்றைத் தடவினால் பூனை அதை நக்கியே விழுங்கிவிடும். வேப்பெண்ணெயையும் கால்நடை மருத்துவரைக் கேட்காமல் தடவ வேண்டாம். வெங்காயமும் பூண்டும் பூனையின் இரத்த அணுக்களை அழிக்கும். பாச்சை உருண்டை பிராணிகளுக்கும் கைக்குழந்தைகளுக்கும் நஞ்சு. சாம்பிராணிப் புகை பூச்சியைக் கொல்லாது. முயலின் நுரையீரலையும் ஆஸ்துமா உள்ளவர்களையும்தான் அது வாட்டும்.

படிப்படியாகச் செய்ய வேண்டியவை

முதற்படி: கால்நடை மருத்துவரைக் கேளுங்கள்

“வீட்டில் பூனையும் இருக்கிறது, முயலும் இருக்கிறது” என்று முதலிலேயே சொல்லுங்கள். இரண்டின் எடையையும் வயதையும் தெரிவியுங்கள். முயலுக்கென்று மருத்துவர் தேர்ந்தெடுத்துத் தரும் மருந்துகள் உண்டு. எடைக்கு ஏற்ற அளவையும் அவரே சொல்வார். மருந்துப் பெட்டியில் பெரிய எழுத்தில் “பூனை”, “முயல்” என்று தமிழில் எழுதித் தனித்தனியாக வையுங்கள். எல்லாப் பிராணிகளுக்கும் ஒரே நாளில் சிகிச்சையைத் தொடங்குங்கள். ஒன்றை விட்டால் பூச்சி அதில் தங்கிவிடும்.

சொட்டு மருந்தை, பிராணி நக்க முடியாதபடி பிடரியில் மயிரை விலக்கித் தோலில் விடுங்கள். மருந்து நன்றாகக் காயும்வரை பூனையையும் முயலையும் வெவ்வேறு அறையில் வையுங்கள். ஒன்றையொன்று நக்கினால் பூனையின் மருந்து முயலின் வயிற்றுக்குள் போய்விடும். எத்தனை நாள் பிரித்து வைக்க வேண்டும் என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு கையைக் கழுவுங்கள்.

இரண்டாம்படி: துவைத்துக் காயவையுங்கள்

பிராணி படுக்கும் துணி, உங்கள் போர்வை, தலையணை உறை, சோபா உறை அனைத்தையும் வாரம் ஒருமுறை 60 டிகிரி வெந்நீரில் துவையுங்கள். உங்கள் சலவை இயந்திரத்தில் அந்த வசதி இல்லையென்றால், அருகிலுள்ள காசு போட்டுத் துவைக்கும் கடையில் வெந்நீர்ச் சலவையையும் சூடான உலர்த்தியையும் பயன்படுத்தலாம். கொதிநீர் வாளியைத் தூக்கிக்கொண்டு குளியலறைக்கு நடக்காதீர்கள். வழுக்கி விழுந்தால் தீக்காயமும் எலும்பு முறிவும் சேர்ந்து வரும்.

மூன்றாம்படி: வேக்குவம் செய்யுங்கள்

முதல் இரண்டு வாரம் நாள்தோறும், பிறகு இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை செய்யுங்கள். சோபா இடுக்கு, கட்டிலடி, சுவரோரம், முயல் கூண்டைச் சுற்றியுள்ள இடம் ஆகியவற்றில் கூடுதல் கவனம் தேவை. அதிர்வு பட்டுக் கூட்டுப்புழுக்கள் வெளியே வருவதால், மருந்தில் அவை மாட்டிக்கொள்ளவும் இது உதவும். உறிஞ்சிய தூசியை உடனே பிளாஸ்டிக் பையில் கொட்டி, இறுகக் கட்டி வெளியே போட்டுவிடுங்கள். முயல் கூண்டிலுள்ள பழைய வைக்கோலையும் அப்படியே அகற்றுங்கள்.

வெறும் தரையைச் சவர்க்கார நீரால் துடைத்து, பின் நல்ல தண்ணீரால் மறுபடியும் துடையுங்கள். ஈரம் காயும்வரை அங்கே நடக்காதீர்கள்.

நான்காம்படி: தேவைப்பட்டால் மட்டும் பூச்சிமருந்து தெளியுங்கள்

இரண்டு மூன்று வாரம் சுத்தம் செய்தும் கடி குறையவில்லையென்றால், உரிமம் பெற்ற பூச்சி ஒழிப்பு நிறுவனத்தை அழைக்கலாம். பூனையும் முயலும் இருப்பதை அவர்களிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்.

• பிராணிகளையும் அவற்றின் உணவு, தண்ணீர்க் கிண்ணங்களையும் வெளியே கொண்டுபோய்விடுங்கள்.
• மீன்தொட்டி இருந்தால் காற்றுக்குழாயை நிறுத்தி, தொட்டியை மூடுங்கள். பல பூச்சிமருந்துகள் மீன்களைக் கொன்றுவிடும்.
• சாமி விளக்கு, ஊதுபத்தி, அடுப்பு எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். தெளிப்பான் எளிதில் தீப்பற்றும்.
• தெளித்த இடம் முழுவதும் காய்ந்து, சன்னல்களைத் திறந்து காற்றோட்டம் வந்த பிறகே உள்ளே செல்லுங்கள்.

உங்களையும் பார்த்துக்கொள்ளுங்கள்

சோபாவை நகர்த்துவது, மெத்தையைத் தூக்குவது போன்ற வேலைகளைத் தனியாகச் செய்ய வேண்டாம். பிள்ளைகளிடமோ பேரப்பிள்ளைகளிடமோ பக்கத்து வீட்டாரிடமோ கேளுங்கள். இல்லப் பணிப்பெண் இருந்தால் இந்தக் கையேட்டை அவருக்கும் விளக்கிச் சொல்லுங்கள்.

புளோக்கின் கீழ்த்தளத்தில் சமூகப் பூனைகளுக்கு உணவு வைப்பவர்கள், வீட்டிற்குள் நுழையுமுன் காற்சட்டையையும் புடவை ஓரத்தையும் ஒருமுறை பார்த்து உதறிக்கொள்ளுங்கள். கடி இருக்கிறதே என்று அஞ்சி, துணையாக வாழும் பிராணியை வெளியே விட்டுவிடாதீர்கள். பிராணி போனாலும் முட்டைகள் வீட்டில்தான் இருக்கும். பசித்த பூச்சிகள் உங்களைத்தான் தேடி வரும்.

எப்போது உடனே உதவி தேவை?

உங்களுக்கு:
• கடி விழுந்து இரண்டு வாரத்திற்குள் காய்ச்சல், கடும் தலைவலி, உடம்பில் தடிப்பு வந்தால் மருத்துவரைப் பாருங்கள். வீட்டில் தெள்ளுப்பூச்சி இருப்பதை மறக்காமல் சொல்லுங்கள்.
• கடித்த இடம் வீங்கி, சூடாகி, சீழ் பிடித்தால் மருந்தகத்துக்குச் செல்லுங்கள். நீரிழிவு உள்ளவர்கள் காத்திருக்க வேண்டாம்.
• மூச்சுத் திணறலோ முகம், உதடு வீக்கமோ ஏற்பட்டால் உடனே 995 அழையுங்கள்.

பிராணிக்கு:
• மருந்து போட்டபின் நடுக்கம், தள்ளாட்டம், வலிப்பு, எச்சில் வடிதல் இருந்தால் உடனே கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள். மருந்துப் பெட்டியையும் எடுத்துச் செல்லுங்கள்.
• முயல் அரை நாள் எதுவும் உண்ணாமலும் புழுக்கை போடாமலும் இருந்தால் அது அவசரநிலை. மறுநாள்வரை காத்திருக்காதீர்கள்.

நினைவில் வைக்க நான்கு வரிகள்

• ஒரு பிராணியின் மருந்து மற்றொன்றுக்கு நஞ்சாகலாம்.
• பிராணியையும் வீட்டையும் ஒன்றாகக் கவனியுங்கள்.
• மூன்று மாதம் விடாமல் செய்யுங்கள்.
• சந்தேகம் வந்தால் போடாதீர்கள், முதலில் கேளுங்கள்.

இந்தப் பக்கத்தைக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டிவைத்து, உங்கள் கால்நடை மருத்துவரின் தொலைபேசி எண்ணை அதன் ஓரத்தில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.