கஞ்சமலைக் கருமணலில் கை பழகலாம்

கரிகாலன் கிரீடத்துக்குக் கஞ்சமலையிலிருந்துதான் பொன் போனதாம், எங்கள் சேலம் பக்கத்துப் பேச்சு. போனதோ இல்லையோ, மலையில் இரும்புக்குப் பஞ்சமில்லை. அடிவார ஓடைகள் தள்ளிவிட்டுப் போகும் மணலில் வரிவரியாகக் கறுத்துக் கிடப்பது மேக்னடைட். பொன் அரிக்கப் பழகுகிறவனுக்கு இந்தக் கருமணல்தான் வாத்தியார். தண்ணீரைவிட வெள்ளை மணல் 2.65 மடங்கு கனம், மேக்னடைட் 5.2, தங்கம் 19.3. வெள்ளையை யாரும் கழித்துவிடலாம். கறுப்பைக் கழிக்கும்போதுதான் கை தடுமாறும்.

மேல்மணலை அள்ளிப் பிரயோசனமில்லை. ஓடை வளைகிற இடத்தில் உள்பக்கம், பாறை இடுக்கு, கோரை வேர் இங்கெல்லாம்தான் கனமானது தங்கும். ஆனால் புறம்போக்கில் மண்வெட்டியும் சாக்குமாக நின்றால் மணல் திருட்டு வழக்கு வரும். மலையோ வனத்துறைக் காடு. நான் அரிப்பது, ஓடைத் தண்ணீர் புகுந்து சித்தப்பா வயலில் ஒதுக்கிய மணலை.

"ஏஞ்சாமி, பவுனு ஏதாச்சும் தட்டுப்பட்டுச்சா?"

"மூக்குத்திக்குக்கூடத் தேறாதுங்க சித்தப்பா."

முதலில் ஈயத்தில் பழகுங்கள். மீன்வலை ஈயக்குண்டைத் தட்டித் தகடாக்கி, கடுகைவிடச் சிறிதாகப் பத்துத் துண்டு நறுக்கி மணலில் கலந்துவிடுங்கள். ஈயம் 11.3 மடங்குதான். அரித்த பிறகும் பத்தும் தட்டில் நின்றால் தங்கம் எங்கே போய்விடும்? முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

மணலைத் தட்டில் அள்ளித் தண்ணீருக்குள் பிசைந்து கலங்கல் போக்கி, கூழாங்கல்லைப் பொறுக்கிவிட்டு, தட்டை நீருக்கடியிலேயே பக்கவாட்டில் நன்றாகக் குலுக்குங்கள். பிறகுதான் சாய்ப்பது. அரிசியில் கல் அரிக்கிற அதே கைதான்; இங்கே வடிவது வேண்டாதது, அடியில் நிற்பது வேண்டியது. இரண்டு வடிப்புக்கு ஒருமுறை மறுபடி குலுக்காவிட்டால் எல்லாம் சேர்ந்தே போகும்.

மிஞ்சிய கறுப்பைக் காயவைத்து, பழைய ஸ்பீக்கர் காந்தத்தைப் பாலிதீன் பையில் போட்டு மேலாக ஓட்டுங்கள். பைக்குள்ளிருந்து காந்தத்தை உருவினால் பொடி உதிர்ந்துவிடும். உதிர்ந்ததையும் பரப்பி இன்னொரு தடவை ஓட்டுங்கள். பொன்துகள் அதனோடு சிக்கிப் போயிருக்கும்.

அரிக்கிறேனென்று சேலத்துக்குக் கீழே திருமணிமுத்தாற்றில் கால் வைக்க வேண்டாம். சாக்கடை, சாயக்கழிவு. நிஜப் பொன்னை அரிக்கிறவர்களைப் பார்க்க ஆசையென்றால் கேரளாவில் நிலம்பூர்ப் பக்கம் சாலியாற்றுக்குப் போகலாம்.

தட்டில் ஏதோ வெயிலில் ஜொலிக்கிறதென்று துள்ள வேண்டாம், பெரும்பாலும் காக்காப்பொன். நிழலில் பிடித்தால் அது மங்கிவிடும், தங்கம் அப்படியே மஞ்சளாக நிற்கும். ஊசியால் அழுத்துங்கள், காக்காப்பொன் ஏடு ஏடாகப் பிரியும், தங்கத்தில் குழி விழும்.