தையல் போடுமுன் தழும்பைப் பார்

அன்புள்ள தங்கைக்கு,

சேவுகம்பட்டி வட்டாரத்தில் நடமாடும் மருத்துவக் குழுவில் சேர்ந்திருப்பதாக எழுதியிருந்தாய். 2013-இல் தொடங்கிய இந்தக் குழந்தைகள் நலப் பரிசோதனைத் திட்டத்தில் அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு 2 முறை, அரசுப் பள்ளிக்கு 1 முறை போவீர்கள். எடை, பல், கண், ரத்தசோகை என்று பார்த்து வரிசை வேகமாக நகரும். அந்த வேகத்தில் தவறிவிடக்கூடிய ஒரு குழந்தையைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

நெற்றி, முழங்கால், கணுக்காலுக்கு மேல் முன்எலும்பு ஆகிய இடங்களில் அந்தக் குழந்தைக்குத் தழும்புகள் இருக்கும். சிறு காயம்தான் பட்டிருக்கும். தழும்போ அகலமாக, சுருங்கிய மெல்லிய காகிதம்போல இருக்கும். தோலைப் பிடித்தால் வெல்வெட்டுபோல மென்மையாக இழுபட்டு, விட்டதும் பழைய இடத்துக்குப் போய்விடும். விரல்கள் பின்னோக்கி வளையும். தொட்ட இடமெல்லாம் கன்றிப்போகும். இதுதான் எலர்ஸ்-டான்லோஸ். 1901-இல் டென்மார்க்கின் எலர்ஸும் 1908-இல் பிரான்சின் டான்லோஸும் விவரித்த நோய். 2017-இன் பகுப்பில் 13 வகைகள் உண்டு. தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் சரியாக உருவாகாததே பெரும்பாலான வகைகளுக்குக் காரணம்.

இழுத்த தோல் திரும்பாமல் தொங்கினால், குழந்தையின் முகம் முதுமை தட்டித் தெரிந்தால், அது வேறு நோய்: கியூட்டிஸ் லாக்சா. அங்கே பழுது எலாஸ்டின் இழைகளில். குடலிறக்கம் இருக்கிறதா, மூச்சு எப்படி, இதயம் எப்படி என்று பார்க்காமல் அனுப்பாதே.

தாயிடம், "பிள்ளையைக் கவனிக்கிறதே இல்லையா?" என்று கேட்டுவிடாதே. ஊரில் எல்லாரும் அவளை ஏற்கெனவே கேட்டிருப்பார்கள். யாராவது அடித்திருப்பார்களோ என்ற ஐயத்தை நீ விசாரிக்கத்தான் வேண்டும்; ரத்தம் உறைகிறதா என்றும் சோதிக்க வேண்டும். ஆனால் தோலையும் மூட்டையும் பார்க்காமல் தீர்ப்புச் சொல்லாதே.

"சொந்தத்துலயா கட்டினீங்க?" என்ற கேள்வியை மெதுவாக, குற்றம் சாட்டாத குரலில் கேள். நம் பக்கம் தாய்மாமனைக் கட்டுவது வழக்கம்தானே. அப்படிப் பிறக்கும் குழந்தைக்கு ஒரு மரபணுவின் இரு பிரதிகளும் ஒரே மூதாதையிடமிருந்து வரும் வாய்ப்பு 8-இல் 1. அத்தை மகன், மாமன் மகள் மணத்தில் 16-இல் 1. கியூட்டிஸ் லாக்சாவின் பல வகைகளும் எலர்ஸ்-டான்லோஸின் சில வகைகளும் இரு பிரதிகளும் பழுதானால்தான் வரும். அடுத்த குழந்தைக்கும் 4-இல் 1 வாய்ப்பு. ஆனால் எலர்ஸ்-டான்லோஸின் வழக்கமான வகைக்கு ஒரு பிரதி பழுதானாலே போதும். பெற்றோர் இருவரும் நலமாக இருந்தும் அது புதிதாக வரலாம். சொந்தத்தில் கட்டியதுதான் காரணம் என்று அவசரப்பட்டுச் சொல்லி ஒரு குடும்பத்தை உடைத்துவிடாதே.

இந்நோய்களை அடியோடு தீர்க்க மருந்து இல்லை. அதனால் உன் கை செய்யும் வேலைக்கு மதிப்பு கூடுகிறது. காயத்துக்கு இரண்டு அடுக்காகத் தையல் போடு. தோலை இறுக்கி இழுக்காதே. மேல்தையலை வழக்கத்தைப்போல் இரண்டு மடங்கு நாள் விட்டுவை. பக்கவாட்டில் ஒட்டுப்பட்டை போட்டுத் தாங்கிப் பிடி. ஓடியாடும் பிள்ளைக்கு முழங்காலுக்கும் அதன்கீழ் முன்எலும்புக்கும் உறை மாட்டச் சொல். பல் பிடுங்கினாலும் அறுவை செய்தாலும் முதலில் காட்டவேண்டிய ஒரு குறிப்பை எழுதி அம்மா கையில் கொடு. தோல் மெலிந்து, நரம்பெல்லாம் நீலமாகத் தெரியும் பிள்ளைக்குத் திடீரென்று வயிறு வலித்தால், சூட்டு வலி என்று வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்று அழுத்திச் சொல். எலர்ஸ்-டான்லோஸின் ரத்தக்குழாயைத் தாக்கும் வகையில் குழாயோ குடலோ கிழியக்கூடும்.

மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்குச் சீட்டு எழுது. அங்கிருந்து திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி, மதுரை இராஜாஜி மருத்துவமனை, மரபணுச் சோதனைக்கு வேலூர் சி.எம்.சி. என்று வழி இருக்கிறது. ஆனால் பூப்பறிக்கும் கூலியை விட்டுவிட்டு பஸ் ஏறவேண்டிய குடும்பம் சீட்டோடு நின்றுவிடும். அடுத்த சுற்றில் போகும்போது பெயர் சொல்லிக் கேள்: போனார்களா, என்ன சொன்னார்கள், மறுபடி எப்போது வரச் சொன்னார்கள். பெரிய மருத்துவமனை நோய்க்குப் பெயர் வைக்கும். அந்தப் பிள்ளையைத் தொடர்ந்து பார்க்கும் டாக்டர் நீ ஒருத்திதான்.

அன்புடன்,
உன் அக்கா